ஐந்து கால் குதிரை

ரொவீனாவின் படகைத் தெரியாதவர் எங்கள் ஸ்டோன் ஊர்க் கால்வாயில் கிடையாது. பெயர் ‘மீன்கொத்தி’. இரும்புப் படகு. நீளம் ஐம்பத்தேழு அடி, அகலம் ஏழே அடி. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால், ஒருவர் பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும். ஆனால் பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிறவருக்கு அதே படகு ஐந்து மைல் நீளம். நம்பாவிட்டால் சுரண்டிப் பாருங்கள்.

ரொவீனாவுக்கு வயது பத்து. அவளும் அப்பா கிளைவும் அந்தப் படகில்தான் வாழ்கிறார்கள். புதிதாகப் பெயின்ட் அடிப்பதற்காக ஏப்ரலில் அதை உலர்தளத்துக்குள் விட்டார்கள். உலர்தளம் என்பது கால்வாய் ஓரத்தில் இருக்கும் பெரிய கல்தொட்டி. கதவை அடைத்துத் தண்ணீரை வடித்ததும், படகு மரக்கட்டைகளின் மேல் கோழி மாதிரி உட்கார்ந்துகொண்டது.

முதல் நாளே அப்பா ஒரு தப்புச் செய்தார். உற்சாகம் தாங்காமல் ஒரு பக்கம் முழுவதையும் பளபளவென்று இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு, தூங்கப் போய்விட்டார். காலையில் பார்த்தால் பனி ஈரம் பட்டு இரும்பெல்லாம் ஒரே துரு.

“என்ன வாத்தே, நேத்து இங்க ஒரு படகு நின்னுச்சே! இன்னைக்கு கேரட் நிக்குது?” என்றார் உலர்தளத்துச் சொந்தக்காரி மேவிஸ். எங்கள் பக்கத்தில் பிரியமானவர்களை ‘வாத்தே’ என்றுதான் கூப்பிடுவோம். போலீஸ்காரரும் வாத்துதான்.

“வெள்ளி மாதிரி மின்னுச்சு மேவிஸ்...” என்று அப்பா முனகினார்.

“வெறும் இரும்பை யாராவது வெளில விடுவாங்களா? சுரண்டின அன்னைக்கே முதல் பூச்சு அடிச்சிடணும்.”

மறுபடியும் முதலிலிருந்து தேய்த்தார்கள். சுரண்டி விழுந்த பெயின்ட்டை ஒட்டினால் இன்னும் இரண்டு படகு செய்திருக்கலாம்.

வியாழக்கிழமை மதியம் பின்புறத்தில் கடைசித் தகடு மட்டும் மிச்சமிருந்தது. முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ரொவீனா சுரண்டினாள். மேலே பச்சை. அதன் அடியில் கருநீலம், அப்புறம் சிவப்பு, அப்புறம் கடுகு மஞ்சள். தேய்த்த இடத்தில் நிறங்கள் வளையம் வளையமாகத் தெரிந்தன. வியாழன் கிரகத்தையே யாரோ கொண்டுவந்து ஒட்டிவைத்தாற்போல இருந்தது.

கடுகு மஞ்சளைப் பூசியவர் அடியைத் தேய்க்காமலே பூசியிருக்க வேண்டும். அது ஆரஞ்சுத்தோல் போலப் பெரிது பெரிதாக உரிந்து வந்தது.

உள்ளே ஒரு குளம்பு தெரிந்தது.

ரொவீனா மூச்சை அடக்கிக்கொண்டு உரித்தாள். ஒரு கால், இன்னொரு கால், ஊதா நிற வயிறு, பறக்கும் பிடரி. அவள் உயரத்துக்கு ஒரு குதிரை! கால்களை எண்ணினாள். ஐந்து. திரும்பவும் எண்ணினாள். ஐந்தேதான். அடியில் கோணல் எழுத்தில் வரைந்த சிறுமியின் பெயர்: ‘நெல், வயது 9’.

கால்வாயில் கத்திக்கொண்டிருந்த நானூறு வாத்துகளும் சட்டென்று வாயை மூடிக்கொண்டன. சரி, குறைந்தது முந்நூற்றுத் தொண்ணூறு வாத்தாவது இருக்கும்.

“அப்பா!”

அப்பா ஓடி வந்தார். அவரும் விரல் விட்டுக் கால்களை எண்ணினார்.

“நம்ம வீட்டுச் சுவத்துக்குள்ளயே இருந்திருக்குப்பா. நமக்குத் தெரியவே இல்ல. இதை மட்டும் இப்படியே விட்டுடலாம்.”

அப்பா நகத்தால் மெல்லத் தட்டினார். குதிரையின் காது பொல்லென்று உதிர்ந்தது. அங்கே துரு தெரிந்தது.

“அடியில அரிச்சிட்டு இருக்கு கண்ணு. விட்டா ஓட்டை விழுந்துடும். வீடு மூழ்கிடும். எடுத்துத்தான் ஆகணும்.”

“நாலு மணிக்கு மழையாம்,” என்றார் மேவிஸ் வானத்தைப் பார்த்து. “அதுக்குள்ள முதல் பூச்சு அடிச்சாகணும் வாத்தே. நாளைக்குத் தண்ணி விட்டுடுவேன். அடுத்த படகு காத்துக்கிட்டு நிக்குது.”

அப்பா ஃபோனில் படம் எடுத்துக் காட்டினார். ரொவீனா உதட்டைப் பிதுக்கினாள். “இதுல எலிக்குட்டி மாதிரி இருக்கு. நெல் எவ்ளோ பெருசா போட்டிருக்கா!”

அழுகை வரும்போலிருந்தது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை. அவள் படகுக்குள் பாய்ந்து, கேக் செய்ய வைத்திருந்த பட்டர் பேப்பர் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, மேல பிடிங்க. மேவிஸ் ஆன்ட்டி, அந்தப் பக்கம் நீங்க. யாரும் தும்மாதீங்க!”

தாள் வழியே குதிரை மங்கலாகத் தெரிந்தது. ரொவீனா பென்சிலால் கோட்டின் மேலேயே கோடு போட்டாள். பிடரி உதிரத் தொடங்கியது. அதனால் பிடரிதான் முதலில். வயிற்றில் ‘ஊதா’ என்றும் குளம்பில் ‘சிவப்பு’ என்றும் எழுதிக்கொண்டாள். மேவிஸுக்கு மூக்கு அரித்தது. பாவம், சொறியவே இல்லை. மூக்கே விழுந்துவிடும் போலிருந்தது.

இரண்டரை மணிக்குத் தாளைச் சுருட்டினாள்.

“நானே சுரண்டுறேன்,” என்றாள். குதிரையை மெதுவாக, அதற்கு வலிக்காதபடி எடுத்தாள். அப்பா பின்னாலேயே பூச்சு அடித்தார். கடைசியாக ஒருமுறை தூரிகையை இழுத்துத் தார்ப்பாயைப் போர்த்தியதும் மழை கொட்டியது.

மறுநாள் உலர்தளத்தை விட்டு வெளியே வந்த படகு, கால்வாய்க் கரையில் கட்டியபடியே அடுத்த இரண்டு வாரங்களில் அடர்நீலமாக மாறிவிட்டது. பெயின்ட் நன்றாகக் காய்ந்ததும், தாளில் போட்ட கோடுகள் மேலே ரொவீனா ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டாள். தாளைப் படகில் ஒட்டினாள். பழைய காலுறைக்குள் சாக்பீஸ் தூளைப் போட்டு, பொத் பொத்தென்று ஒத்தினாள்.

தாளை எடுத்தபோது அப்பா ஓரடி பின்வாங்கினார். நீலத்தின் மேல் ஆயிரம் வெள்ளைப் புள்ளிகள். நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து குதிரையாக நின்றன.

“ஒரு காலை மட்டும் விட்டுடலாமா?” என்று அப்பா மெல்லக் கேட்டார்.

“கூடாது. அது ஓடுதுப்பா. ஓடுறப்போ காலை யாரால எண்ண முடியும்?”

ஊதா வயிறு, சிவப்புக் குளம்பு எல்லாம் தீட்டினாள். ‘நெல், வயது 9’ என்று அதே கோணலோடு எழுதினாள். அதன் கீழே, ‘ரொவீனா, வயது 10’.

அதற்கும் கீழே ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனாள்.

“அங்க எதுக்கு இடம்?” என்றார் அப்பா.

“அடுத்து சுரண்டுறவங்களுக்கு.”