கார்டு போகாத பிளேயர்

மைனாவின் அம்மா லாரி ஓட்டுகிறவர். சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்பி வர நாலைந்து நாளாகும்.

திரும்பி வரும் நாளில், சரக்குக் கிடங்கிலிருந்து பெட்ரோல் பங்க் வரை மைனா அம்மாவோடு லாரியில் போவாள். அது அவளுடைய உரிமை. தம்பி உருண்டைக்கு அந்த உரிமை இன்னும் கிடைக்கவில்லை. கன்னம், வயிறு, கோபம் எல்லாமே உருண்டையாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். ஓயாமல் பேசுவதால் இவளுக்கு மைனா.

அன்றைக்கும் மைனா பெல்ட் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். முன் கண்ணாடிக்குக் கீழே கட்டியிருந்த சின்ன மியூசிக் பிளேயரில் பாட்டு ஓடவில்லை. உருண்டைதான் ஓடிக்கொண்டிருந்தான். போன வாரம் வீட்டில் பதிவு செய்த குரல்.

"ஏழெட்டு... ஐம்பத்..."

லாரி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பிளேயர் வாயை மூடிக்கொண்டது.

அம்மா ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து பிளேயரை 'டக் டக்' என்று தட்டினார்.

"...தி நாலு!" என்றான் பிளேயருக்குள் இருந்த உருண்டை.

"தப்பு!" என்று மைனா சிரித்தாள். அதே நொடியில் சந்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது. அம்மா சட்டென்று பிரேக் போட்டார். லாரி பெருமூச்சு விட்டு நின்றது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

"அம்மா, நீ கையை எடுத்துட்டே."

"ஒரு தட்டுதானே."

"எல்லா மேட்டுலயும் இப்படித்தான் தட்டுவியா?"

அம்மா பக்கவாட்டுக் கண்ணாடியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். மைனாவுக்குப் பதில் புரிந்துவிட்டது.

இந்த வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. கார்டு போடுகிற பிளேயர்கள் இரண்டு. ஒன்று லாரியில், இன்னொன்று வீட்டில். விரல் நகம் அளவுக் கார்டுகளும் இரண்டு. அம்மா ஊரில் இல்லாதபோது வீட்டில் நடப்பதையெல்லாம் பிள்ளைகள் ஒரு கார்டில் பதிவு செய்வார்கள். அம்மாவும் வண்டியை நிறுத்தும் இடங்களில் தன் கார்டில் பேசி வைப்பார். அம்மா வந்ததும் கார்டுகள் இடம் மாறும். ஓட்டும்போது அம்மா போனைத் தொடமாட்டார். பாதி வழியில் சிக்னலும் கிடையாது. அதனால் இந்த ஏற்பாடு.

அம்மாவின் குரலைக் கேட்டால்தான் உருண்டைக்குத் தூக்கம் வரும். பிள்ளைகள் குரலைக் கேட்டால்தான் அம்மாவுக்குத் தூக்கம் போகும். ஆளில்லாத நீளச் சாலையில் கண் செருகாமல் இருக்க அதுதான் துணை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "முதலாளி குடுத்தாரு. விபத்தே இல்லாம ஓட்டினதுக்குப் பரிசு."

உள்ளே ஒரு புது பிளேயர். கறுப்பாக, வழவழவென்று, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

உருண்டை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேலே, கீழே, பக்கத்தில். பிறகு முகத்தைச் சுருக்கினான். "இதுல கார்டு போடுற ஓட்டையே இல்ல!"

"எல்லாம் உள்ளேயே இருக்குடா," என்றாள் மைனா. "கழட்டி மாட்ட எதுவும் இல்ல. அதான் குலுங்கினாலும் நிக்காது. மேட்டுல, பள்ளத்துல, எதுலயும் நிக்காது."

"கார்டு போகாதுன்னா எதுக்கு? என் பல்லு எப்படி உள்ளே போகும்?"

பல் விஷயம் பெரிய விஷயம். இரண்டு வாரமாக ஆடிக்கொண்டிருந்த முன்பல் போன செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டது. அது விழுந்த அந்த நொடியே கார்டில் பதிவாகியிருந்தது. முதலில் ஒரு அலறல், அப்புறம் ஒரு சிரிப்பு, அப்புறம் "அக்கா, காத்து உள்ளே போகுது!"

"கம்ப்யூட்டர்ல மாட்டினா மாத்திடலாம்," என்றாள் மைனா.

"நம்ம வீட்ல கம்ப்யூட்டர் எங்கே இருக்கு?"

இல்லைதான். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இருந்தது. ஆனால் அவர்கள் வரும்போதே அதன் ஷட்டர் இறங்கியிருந்தது. விடிவதற்குள் அம்மா கிளம்பிவிடுவார்.

அப்பா தையல் மெஷினை நிறுத்தாமலே தலையை நிமிர்த்தினார். அவர் வீட்டிலேயே தைப்பவர். "ஒண்ணு சட்டையோட சேர்த்துத் தைச்ச பை. இன்னொண்ணு கையில தூக்கிட்டுப் போற பை. தைச்ச பை தொலையாது. ஆனா அதை மட்டும் கழட்டி அடுத்தவங்க கையில குடுக்க முடியாது."

"அப்போ எதுப்பா நல்லது?"

"எனக்கு ரெண்டும் தைக்கத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினார். உபயோகமான பதில்தான், யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

"பழசே போதும்," என்றார் அம்மா. "பல்லு விழுந்ததைக் கேட்காம எப்படி ஓட்டுறது?"

"இப்பவே கேட்டுடு. இங்கேயே!"

"இங்கேயே கேட்டுட்டா அந்தக் காட்டு ரோட்டுல என்னத்தைக் கேக்குறது, மைனா? உங்க சத்தம்தான் என்னை முழிச்சிருக்க வைக்குது."

"அப்போ வீட்ல இருக்கிற பிளேயரை எடுத்துட்டுப் போ."

"அது ஏற்கனவே லாரியில இருந்து ஓய்வு வாங்கிட்டு வந்ததுதானே!"

உண்மைதான். வீட்டு பிளேயரிலும் கார்டு தளர்ந்துபோய், மேலே ஒரு ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. வீடு குலுங்காது என்பதால் அது பாட்டுக்கு ஓடியது.

அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். அந்த வீட்டில் அம்மா தூங்குகிற நேரத்தில் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துவார்கள். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் முக்கியம்.

மைனா ரப்பர் பேண்டு பிளேயரையும் புது பிளேயரையும் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்குள் அந்த சைக்கிள் வந்து வந்து போனது. லாரியில் பழையதே இருந்தால் அம்மா தட்டுவார். ஒவ்வொரு மேட்டிலும் தட்டுவார். புதியதை எடுத்துப் போனால் காட்டுச் சாலையில் துணை இருக்காது.

"அக்கா, புதுசுல பதிவு பண்ற பட்டன் இருக்கு," என்றான் உருண்டை. "இன்னொரு பல்லை ஆட்டட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். உன் வாயை அப்படியே வை."

ஆனால் அவன் சொன்னதில் ஏதோ இருந்தது. மைனா ரப்பர் பேண்டு பிளேயரை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டாள். உருண்டையின் அலறல் வந்தது. அதற்குப் பின்னால் அப்பாவின் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. மெஷினைப் பதிவு செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பிளேயர் தானாகவே கேட்டு வைத்திருக்கிறது.

மைனா எழுந்து நின்றாள். "டேய்! இதுல ஓட்டைதான் இல்ல. காது இருக்கே!"

"யாருக்கு?"

"புது பிளேயருக்கு! பழசைப் பேச விடுவோம். புதுசைக் கேட்க விடுவோம். கார்டு எதுக்கு?"

உருண்டை வாயைத் திறந்தான். பல் இல்லாத இடம் தெரிந்தது.

முதல் முயற்சியில் இரண்டையும் மேசைமேல் எதிரெதிரே வைத்தார்கள். போட்டுக் கேட்டால் தையல் மெஷின்தான் பேசியது. உருண்டை எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து கத்தினான்.

மைனா அப்பாவிடம் போனாள். "அப்பா, அரை மணி நேரம் மெஷினை மிதிக்காம இருக்க முடியுமா?"

"காலையில யூனிஃபார்ம் குடுக்கணுமே, கண்ணு. பள்ளிக்கூடத்துல இருந்து ஆள் வருவாங்க."

மைனா துணிக் குவியலைப் பார்த்தாள். "பட்டன் தைக்கணும்ல? அதைக் கையாலதானே தைப்பீங்க? அதை இப்போ தைங்க. மெஷின் வேலையை அப்புறம் பாருங்க."

அப்பா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "உன்னைத்தான் முதலாளியா வச்சிருக்கேன்னு எனக்கே தெரியாமப் போச்சு," என்று சொல்லிவிட்டு பட்டன் டப்பாவைத் திறந்தார்.

வெட்டிய துணிகள் போடும் பெரிய கூடைக்குள் இரண்டு பிளேயர்களையும் முகத்துக்கு முகம் வைத்தாள் மைனா. மேலே நாலு சட்டைத் துணியைப் போட்டு மூடினாள். வெளிச்சத்தம் உள்ளே போகாது. உள்சத்தம் அம்மாவை எழுப்பாது. மூடுவதற்கு முன் புதியதில் பதிவு பட்டனை அழுத்தி, குனிந்து சொன்னாள்: "அம்மா, நான் மைனா. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும். இனிமே இது நிக்காது."

கூடைக்குள் இந்த வாரத்து வாய்ப்பாடு ஓடியது. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம் ஓடியது. வெளியே மூன்று பேரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மைனா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அந்த வீட்டில் ஒரு சாதனை.

பல் விழப்போகிற நேரம். அப்போதுதான் உள் அறையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது.

"கொர்ர்ர்..."

அம்மா! இன்ஜின் சூடாவது போல முதலில் மெதுவாக, பிறகு சீராக, பிறகு முழு வேகத்தில்.

உருண்டை மைனாவின் காதருகே வந்து கிசுகிசுத்தான். "எழுப்பட்டுமா?"

மைனா வேண்டாமென்று வேகமாகத் தலையை ஆட்டினாள். பதிவு கெட்டால் கெடட்டும். அம்மாவின் தூக்கம் கெடக் கூடாது.

முடிந்ததும் போட்டுக் கேட்டார்கள். உருண்டையின் அலறல் வந்தது. சிரிப்பு வந்தது. காற்று உள்ளே போவதும் வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் குறட்டையும் வந்தது. மறுபடி செய்ய நேரமில்லை. அப்பாவின் கால் மெஷினைத் தேடிக்கொண்டிருந்தது.

மைனா உருண்டையிடம் திரும்பினாள். "பல்லு கேக்குதா?"

"கேக்குது."

"அப்போ போதும்."

விடியற்காலையில் அம்மா கிளம்பும்போது மைனா புது பிளேயரைக் கையில் கொடுத்தாள். "எல்லாம் உள்ளே இருக்கு. லாரியில இருக்கிற பழசைக் கழட்டிடு."

அம்மா புது பிளேயரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். எப்படி என்று கேட்க நேரமில்லாமல் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அம்மா வந்தார். கிடங்கிலிருந்து வரும் வழியில் அதே வேகத்தடை. லாரி ஏறியது, இறங்கியது. பிளேயரில் உருண்டை நிறுத்தாமல் தப்புக்கணக்குச் சொன்னான். அம்மாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. மைனா வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டாள். ஆனால் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டில் அம்மா எல்லோரையும் உட்காரவைத்தார். "எல்லாம் நல்லா இருந்துச்சு. பல்லு விழுந்ததை நாலு தடவை கேட்டேன். ஒரே ஒரு சந்தேகம்தான். பின்னாடி ஒரு மோட்டார் ஓடிட்டே இருந்துச்சே, அது என்ன? என் இன்ஜின்லதான் கோளாறுன்னு வண்டியை ஓரங்கட்டி, மெக்கானிக்கையே கூப்பிட்டேன்!"

அப்பாவுக்குத் திடீரென்று ஊசியில் நூல் கோர்க்கும் வேலை வந்துவிட்டது.

"மெக்கானிக் என்ன சொன்னாரு?" என்று மைனா கேட்டாள்.

"ஒரு மணி நேரம் தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம் நான் பிளேயரை நிறுத்தினேன், சத்தமும் நின்னுடுச்சு. அது எந்த மெஷின்?"

"அது மெஷின் இல்லம்மா," என்றான் உருண்டை. "அது நீ."

"நானா? நான் எப்போடா குறட்டை விட்டேன்?" அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, மெக்கானிக்குக்கும் போட்டுக் காட்டினேனே! அந்தப் பகுதியை முதல்ல அழி!"

"அழிக்காதே!" உருண்டை பிளேயரை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "எனக்கு வேணும். பழைய பிளேயர்ல ஏத்திக் குடு."

"குறட்டை எதுக்குடா உனக்கு?"

"நீ ஊருக்குப் போனப்புறம் போட்டுக்குவேன். பக்கத்து ரூம்லயே தூங்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்."

அம்மா அவனை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ரப்பர் பேண்டு பிளேயரையும் புது பிளேயரையும் தானே கூடைக்குள் முகத்துக்கு முகம் வைத்து, சட்டைத் துணியால் மூடினார்.

"உஷ்! யாரும் பேசக் கூடாது," என்றார்.

மைனாகூடப் பேசவில்லை.