இடுப்பளவு

வங்கக் கடலில் உருவாகும் எந்தப் புயலும் கூட்டேரிப்பட்டு நெடுஞ்செழியனைக் கலந்தாலோசிக்காமல் கரையைக் கடப்பதில்லை. புயல் இல்லாத நாட்களில் அவர் செல்போன் கவர் விற்றார்.

மழைக்காலத்துக்கென்று இணையத்தில் ஒரு வரைபடம் வைத்திருந்தார். வாசலில் எவ்வளவு தண்ணீர் என்று ஊர்க்காரர்கள் அதில் குறிக்கலாம்: கணுக்கால், முழங்கால், இடுப்பு. போன வருடம் ஏரிக்கரைத் தெரு அப்பாதுரை ‘இடுப்பு’ என்று குறித்தார். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது என்று நெடுஞ்செழியன் ஏற்கெனவே அறிவித்துவிட்டதால், வதந்தி என்று அதை அழித்தார். வரைபடத்தைப் பார்த்து உதவிக்குக் கிளம்பியவர்கள் வேறு தெருவுக்குப் போனார்கள். மறுநாள் அப்பாதுரையின் உடலை ஏரியில் எடுத்தார்கள்.

இந்த வருடமும் புயல் வந்துகொண்டிருந்தது. பகல் மூன்று மணி. ஒரு தூறல்கூட இல்லை. அப்பாதுரையின் மனைவி வேணி கடைக்கு வந்தாள்.

“இன்னாண்ணே, இந்த வாட்டி தெருவுல இருக்கலாமா, பிள்ளைங்கள இட்டுக்கினு கிளம்பணுமா? எல்லாரும் உங்க வாயத்தான் பார்த்துக்கினு இருக்காங்க.”

“அது மரக்காணத்தோட போயிடும். பேஜார் பண்ணாம வீட்டுலயே இரு” என்றபடி வரைபடத்தைத் திறந்தார்.

அவர் கடைமேல் ஒரு குறி. ‘கணுக்கால்.’ குறித்தவர்: அப்பாதுரை.

தரை காய்ந்துதான் கிடந்தது. அழித்தார்.

‘முழங்கால்.’

சந்தேகத்தோடு வேணியின் கைகளைப் பார்த்தார். இரண்டும் குடையைப் பிடித்திருந்தன.

“உன் வீட்டுக்காரர் போனு யார்கிட்ட இருக்குது?”

“ஏரியில கெடக்குது. ஏன், ரீசார்ஜ் பண்ணிவிடப் போறீங்களா?”

எங்கிருந்தோ பாசி நாற்றம் வந்தது. மறுபடி அழித்தார்.

‘இடுப்பு.’

வேட்டிக்குள் இடுப்புவரை சில்லிட்டது. குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை.

‘மார்பு.’

மூச்சை இழுக்க முடியவில்லை.

“கிளம்புங்க!” என்று கத்தினார். “ஜல்தி! தெரு மொத்தமும் ஸ்கூலுக்குப் போங்க!”

“இப்பதான வராதுன்னீங்க?”

“வருது. வந்துக்கினே இருக்குது.”

அன்றிரவு ஏரி உடைந்தது. தெருவில் ஓர் ஆள்கூட இல்லை.

ஊர் திரண்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. கணிப்பின் நுட்பம் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு, சான்றுக்காக மேடையிலேயே வரைபடத்தைத் திறந்தார்.

மேடைமேல் ஒரு குறி இருந்தது.

‘கழுத்து.’

இப்போது சித்திரை வெயிலிலும் நெடுஞ்செழியன் காற்றடித்த லாரி டியூபுக்குள் உட்கார்ந்துதான் செல்போன் கவர் விற்கிறார்.