எல்லைக்கு வெளியே நூறு மீட்டர்

நெய்தல் மிதவைநகரில் குடியுரிமை இல்லாத ஒவ்வொருவரும், காலையில் வேலைக்குப் போகுமுன் இருப்புமானியில் உள்ளங்கையை வைக்க வேண்டும். அன்று ஜெசிந்தா வைத்தபோது 2,991 என்று காட்டியது. மூவாயிரம் நாள் நிறைந்தால் குடியுரிமை. அதன்பின் தூத்துக்குடியில் இருக்கும் கணவன் சூசையையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். இரண்டு வயதில் விட்டுவந்த மகளுக்கு இப்போது பத்து.

நகரின் எல்லை மிதவைகளைப் பழுதுபார்க்கும் முக்குளிப்பாளர் ஜெசிந்தா. எல்லையைத் தாண்டினால் மணிக்கட்டில் பதித்த சில்லு அதுவரையான நாட்களை அழித்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். தன் அம்மாவின் அடக்கத்துக்குக்கூட அவள் ஊருக்குப் போகவில்லை.

பத்து மணிவாக்கில், எல்லைக்கு வெளியே நூறு மீட்டரில் ஒரு ரப்பர் படகு கவிழ்ந்தது. மீட்பு ட்ரோன் வர இருபது நிமிடம் ஆகும் என்றது காதுக்கருவி. ஜெசிந்தா மிதவைக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தாள். ட்ரோன் வருமுன்பே அதிலிருந்த ஏழு பேரையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

மதியம் குடிவரவு அலுவலர் இளம்பரிதி அவளை அழைத்து, அறைக் கதவைச் சாத்தினார்.

“சில்லு பழுதுன்னு எழுதிக் குடுங்க. உப்புத்தண்ணியில நடக்குறதுதான். நான் கையெழுத்துப் போட்டுர்றேன். அழிஞ்ச நாளெல்லாம் திரும்ப வந்துடும்.”

“அப்ப நான் எல்லையைத் தாண்டவே இல்லன்னு ஆயிரும்லா சார்?”

“ஆமா.”

“அந்த ஏழு பேரு?”

எல்லைக்கு வெளியே மீட்கப்பட்டவர்களுக்கு நகரம் அடைக்கலம் தரும். தாமாக நுழைந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த ஏழு பேரும் மீட்கப்பட்டவர்கள் என்பதற்கு ஜெசிந்தாவின் சில்லைத் தவிர வேறு சான்று இல்லை.

“தானா வந்தவங்கன்னு ஆயிடும்,” என்றார் இளம்பரிதி.

“சில்லு நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு எழுதிக்கோங்க சார்.”

பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ பேரைக் குடிமக்களாக்கியவர் அவர். அவள் கைரேகை வைத்து முடிக்கும்வரை ஏனோ அவரால் உட்கார முடியவில்லை.

சாயங்காலம் ஜெசிந்தா சூசையைக் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“இன்னும் எட்டு வருசமா?”

“ஆமா. பிள்ளைக்குப் பதினெட்டு ஆயிரும்.”

“எத்தன பேருன்னு சொன்ன?”

“ஏழு. அதுல ஒண்ணு கைக்கொழந்த.”

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“சரி. பதினெட்டுலயே வரட்டும். நீ ஏதும் சாப்பிட்டியா?”