ஏழாவது ஒட்டு

சோப்பு நுரை உள்ளே போனது.

அவள் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது. ரப்பர் படகில் காற்று கசியும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை வெளியே பொங்கும். இந்த வாரம் ஆறு இடங்களில் அப்படித்தான் பொங்கியது; ஒன்றை ஒட்டி அடைத்தால் மறுநாள் இன்னொன்று. இந்த ஏழாவது துளையில் மட்டும் நுரை மெல்லக் குழிந்து, ஊசிமுனை அளவு ஓட்டைக்குள் இழுபட்டு மறைந்தது. சற்றுப் பொறுத்து, திரும்ப வெளியே வந்து குமிழாக நின்றது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைப் போல, பயம் இருக்கும் இடம் மட்டும் கனத்தது. ஏரிக்குப் போன அண்ணன் திரும்பாமல் படகு மட்டும் கரை ஒதுங்கிய இந்தப் பத்து நாளும் இப்படித்தான்.

ஷெட்டின் தகரக் கூரை மத்தியான வெயிலில் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. பசையின் நெடி தொண்டைவரை இறங்கியது. அதற்கும் அடியில், ஈரமாக, அண்ணன் எப்போதும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் இருமல் மிட்டாயின் வாசனை.

"அண்ணி, ஒரு தடவை காத்தை முழுசா எறக்கிட்டு ஒட்டிடலாம். பசை வித்த கடைக்காரர் அப்படித்தானே சொன்னாரு?"

அண்ணி கதவோரம் நின்றிருந்தாள். "கடைக்காரருக்கென்ன, ஆயிரம் சொல்வாரு. எறக்காத."

"தினம் புதுசா ஒரு ஓட்டை விழுதே."

"பம்பு இருந்தாலும் கடைசிக் காத்தை வாயாலதான் ஊதுவாரு உங்கண்ணன். மூஞ்சி தக்காளியா செவந்துடும். பலூன்காரர் வந்துட்டாருன்னு அன்னிக்குக்கூட கிண்டல் பண்ணேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவரு மூச்சுடீ உள்ள இருக்கறது. தொறந்து விட்டுடுவியா நீ?"

நாளைக் காலை அண்ணி இந்தப் படகில்தான் தேடப் போகிறாள். நீச்சல் தெரியாது. சொன்னாலும் கேட்க மாட்டாள்.

அவள் ஒட்டை வெட்டினாள். உப்புத்தாளால் துளையைச் சுற்றித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் படகு கூசி விலகியது போலிருந்தது. பசை தடவி, ஒட்டை வைத்தாள்.

"பத்து நிமிஷம் அமுக்கணும். அந்தப் பக்கம் நீங்க பிடிங்க."

படகு ஏறியது. இறங்கியது. மற்ற ஆறு ஒட்டும் இரும்பாய்ப் பிடித்திருந்தன. மூச்சு விட இது ஒன்றுதான் அதற்கு மிச்சமிருந்த வழி.

ஏறியது. இறங்கியது. வேகமாக.

"காத்துக்கா ஆடுது?" என்றாள் அண்ணி.

"ஆமா."

வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

படகு உதறியது. இன்னொரு முறை.

அவள் கைக்கடியில் ரப்பர் குழிந்தது. உதடுகளின் வட்டம். பற்களின் வரிசை. உள்ளங்கையை ரப்பரோடு சேர்த்து இழுத்தது. விட்டது. இழுத்தது.

கையை எடுக்கலாம்.

எடுத்தால் போதும்.

"இன்னும் எவ்ளோ நேரம்டீ?"

"நாலு நிமிஷம்" என்றாள். மற்றக் கையையும் மேலே வைத்து அழுத்தினாள்.