முதலை அகழி

மழை வரும்போல இருந்தது... வந்தேவிட்டது. கெசியா துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டு ஆபித் பாஷாவின் காயலான் கடைக்குள் ஓடியபோது, அவள் தேடி வந்த அட்டைப்பெட்டி வேறொருவன் மடியில் இருந்தது.

பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். பெட்டிக்குள்ளிருந்த ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கைக்குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி அத்தனை பதமாக...

"அது எங்க வீட்டுப் பெட்டி."

நிமிர்ந்தான். சாரல் தெளித்த கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கண்கள். தூக்கம் கெட்ட கண்கள். தினமும் காலையில் முகம் பார்க்கும் கண்ணாடியில் அவள் பார்க்கிற அதே களைப்பு.

"நேத்து வரைக்கும் உங்களோடதுங்க. இப்போ என்னோடது."

"எங்கம்மா கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கறேன்னு பரண்ல இருந்ததை எல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்க. தெரியாம போட்டது. இன்னா பாய், சொல்லுங்களேன்."

ஆபித் பாஷா தராசை விட்டு நகரவில்லை. "நான் வித்துட்டேன்மா. ரெண்டு பேரும் படிச்சவங்க, பேசிக்கோங்க. என்னை பேஜார் பண்ணாதீங்க."

"இதைப் போட இப்போ மெஷினே இல்ல. இதை வச்சு இன்னா பண்ணப்போறீங்க?" என்றாள் அவனிடம்.

"என்கிட்ட மெஷின் இருக்கு." கொஞ்சம் வெட்கப்பட்டான். "பழைய கேமுங்க. செஞ்ச கம்பெனியே மறந்துபோனது. பூஞ்சை புடிச்சு சாவறதுக்குள்ள காப்பி எடுத்து நெட்ல சேத்து வைக்கறோம். உலகம் பூரா என்னை மாதிரி கொஞ்சம் கிறுக்கங்க இருக்காங்க."

பெயர் ரெனால்ட். பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. கிறுக்குத்தனம், வேலை முடிந்த பிறகு.

"இந்தப் பெட்டில ஒரே ஒரு ஆட்டம் கிடைச்சா போதும். 'முதலை அகழி'ன்னு பேரு."

துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்த கெசியாவின் கை நின்றது.

"நம்ம கோட்டை அகழிதான். அதுல முதலைங்க. ஒரு புள்ளி நீந்திக் கரையேறணும். முதலை கடிச்சா, மத்த கேம் மாதிரி தோத்துட்டேன்னு வராது. 'பரவால்ல, இன்னொரு தரம் வா'ன்னு வரும். நான் ப்ளஸ் டூல கணக்குல பெயிலான வருஷம் அது. வீட்ல, தெருவுல, சர்ச்ல... என்னைத் திட்டாத ஒரே ஆளு அந்த மெஷின்தான்." சிரித்தான். "எழுதினவர் கிருபானந்தம் சார். கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தாரு. இந்த ஃப்ளாப்பிங்க மேல அந்த சென்டர் லேபிள்தான் ஒட்டிருக்கு. அவரை ஒரு தடவை பாக்கணும்."

"எங்கப்பாதான்," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மிச்சம் தொண்டைக்குள்ளேயே இருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷக் கோடை. மாணவர்கள் வராத மத்தியானங்கள். அப்பாவின் சென்டரில் தனியாக உட்கார்ந்து, பதினாறு வயதுக் கெசியா எழுதிய ஆட்டம் அது. ஆண்டு விழாவில் அப்பா அதைத் தான் எழுதியதாகச் சொன்னார். 'சின்னப் பொண்ணு எழுதினதுன்னா நம்ம சென்டருக்கு யாரும்மா வருவாங்க?' என்று பிறகு தனியாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். சென்டர் மூடிப்போயிற்று. வாதம் வந்து அப்பாவுக்கு வலது கை விழுந்துபோயிற்று. அவள் ஆம்பூர் தோல் பை கம்பெனியில் சாம்பிள் பிரிவில் நாளெல்லாம் நின்று, ரயிலில் நின்றபடியே தூங்கி வீடு திரும்புகிறாள். கோபம்கூட எப்போதோ களைத்துப் படுத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வாங்க," என்றாள். பெட்டியை அவனே சுமந்து வந்து ஆட்டோவில் வைத்தான்.

ஞாயிறு வந்தான். அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தார். அவரை யாரும் 'சார்' என்று கூப்பிட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. பேசினார்... பேசினார்... பழைய பாட்டு ஒன்றுகூடப் பாடிக் காட்டினார். எந்த ஃப்ளாப்பியில் முதலை இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கெசியாவுக்குத் தெரியும். அப்பா முன்னால் சட்டென்று எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. ரெனால்டும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் ஃப்ளாப்பிகளை எடுத்துப்போவான், அடுத்த வாரம் திருப்பித் தருவான். போகும்போது வாசலில் திரும்பி ஒரு பார்வை...

கடைசியில் அவளே முதலை இருந்த ஃப்ளாப்பியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆம்பூரில் இருந்து திரும்பும் வழியில் காட்பாடி ஸ்டேஷனில் கொடுத்தாள். மறுநாள் போன் வந்தது.

"படிக்கவே மாட்டேங்குதுங்க. பூஞ்சை இல்ல, கீறல் இல்ல. யாரோ வேணும்னே அழிச்ச மாதிரி இருக்கு." குரல் தணிந்திருந்தது. "குடுக்க இஷ்டம் இல்லன்னா சொல்லிருக்கலாம்."

"வச்சுடறேன்," என்று வைத்துவிட்டாள்.

நான் அழித்தேனா? என் சொந்தக் குழந்தையையா? அப்படிக் கேட்கவும் வழியில்லை... அவனைப் பொறுத்தவரை அது அப்பாவின் ஆட்டம்.

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. "அந்தத் தம்பிக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சவரம் செய்வதை விட்டுவிட்டார்.

கம்பெனியில் ஒரு மத்தியானம், கூட வேலை செய்யும் சுகரா பேகம் ஒரு சாம்பிள் பையை அவள் முன்னால் போட்டாள். "பாரு கெசியா, மூடறது லூசாம். இன்னும் பவர் ஜாஸ்தி மேக்னட் போடணுமாம்."

கெசியா மூடியை அமுக்கினாள். டக். திறந்து மறுபடி அமுக்கினாள். டக். தன் பையை இழுத்து மடியில் வைத்தாள். கம்பெனி கழித்த சாம்பிள்தான், அதே காந்தப் பித்தான். பித்தானுக்கு அடியிலிருந்த அறையில்தான் அந்த ஃப்ளாப்பி ஆம்பூருக்குப் போய் வந்தது. காந்தம் பட்டால் ஃப்ளாப்பியில் இருப்பது அழிந்துபோகும்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?" என்றாள் சுகரா.

ஆபீஸ் போனில் அவனைக் கூப்பிட்டாள். "நான்தான் கொன்னேன். என் பேக்ல மேக்னட் பட்டன் இருக்கு. தெரிஞ்சு பண்ணல."

அந்தப் பக்கம் மெல்லச் சிரிப்பு. "ஆம்பூர்க்காரங்களாலதான் ஒரு ஃப்ளாப்பியை இப்படிக் கொல்ல முடியும்... நான் அன்னிக்குப் பேசினது தப்புங்க. அன்னில இருந்து தூக்கமே இல்ல. முழுசா சாகல அது. மேக்னட் படாத இடத்துல துண்டு துண்டா படிச்சு எடுத்துட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"அப்பா கேட்டுட்டே இருக்காரு," என்றாள்.

வந்தான். மீட்டெடுத்த புரோகிராமை அச்செடுத்து அப்பா முன்னால் விரித்தான். நடுநடுவே வெறுமையாய் இடைவெளிகள்.

"இந்த இடம் மட்டும் நீங்க சொல்லிட்டா போதும் சார். டைப் பண்ணி ஓட்டிடலாம்."

அப்பா கண்ணாடியை மாட்டினார். தாளைப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அவர் நெற்றியில் வேர்வை அரும்புவதைக் கெசியா பார்த்தாள். பேசாமல் இருந்தாலே போதும்... எல்லாம் தானாக வெளியே வந்துவிடும். யார் எழுதியது என்று அந்தப் பெரிய கண்களுக்குத் தெரிந்துவிடும்.

டீயைக் கீழே வைத்தாள். "முதலை திரும்பற இடம்தானேப்பா இது? கரைக்கு ரெண்டு கட்டம் முன்னாடியே திரும்பிடணும், இல்லன்னா சின்னப் பசங்க ஜெயிக்கவே முடியாதுன்னு சொல்வீங்களே..."

அப்பா அவளைப் பார்த்தார். "ஆமா... சொல்வேன்."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். உங்களுக்குக் கை வலிக்கும்."

அவர் எதுவும் சொல்லவில்லை. அவள் எழுதிக்கொண்டே போனாள். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ரெனால்ட் தாளைப் பார்க்கவில்லை, அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெனால்ட் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் டைப் செய்து முடித்ததும் ஆட்டம் ஓடியது. கறுப்புத் திரையில் பச்சை முதலைகள் நீந்தின. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே நல்ல கையால் மகளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டவர், அதை விடவே இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்தாள். தூறல்... குடை அவனிடம், நனைந்த தோளும் அவனிடம்.

"எழுதினவர்னு யார் பேரைப் போடட்டும்?" என்றான்.

"அப்பா பேரு."

"நான் பாத்துட்டேங்க."

"தெரியும். இருந்தாலும் அப்பா பேரு." மண்ணைப் பார்த்தபடி நடந்தாள். "காலையில எழுந்து ஷேவ் பண்ணிக்க அவருக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கு. அதைப் புடுங்கிடாதீங்க."

"மாட்டேன். ஆனா என்கிட்டயாவது சொல்லிருக்கலாமே?"

"சொன்னா அந்த ஆட்டத்துக்காகத்தான் என்னைப் பாப்பீங்க."

அவன் நின்றுவிட்டான். "மூணாவது ஞாயித்துக்கிழமையே உங்கப்பாகிட்ட பேச எனக்கு விஷயம் தீந்துபோச்சு, கெசியா. ஆனாலும் வந்தேன். எழுதினது யாருன்னு அப்ப எனக்குத் தெரியாது..." கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதற்கும் தெம்பு வேண்டுமே... "நான் ரொம்ப ஓஞ்சு போயிருக்கேன் ரெனால்ட். ட்ரெயின்ல நின்னுட்டே தூங்கறவ. லவ் பண்றவங்க மாதிரி கலகலன்னு எல்லாம் எனக்குப் பேச வராது."

"பேச வேணாம். பக்கத்துல தூங்குங்க. காட்பாடி வந்தா எழுப்பி விடறேன்."

சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, சத்தமாக.

டவுன் பஸ் வந்து நின்றது. அவன் படியில் கால் வைத்தான். "அடுத்த வாரம் வரேன்னு சார்கிட்ட..."

"சார்கிட்ட வேணாம்." முகம் சூடாவது தெரிந்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. "ஆட்டம் அப்பா பேர்லயே இருந்துட்டுப் போகட்டும். யாரைப் பாக்க வந்தீங்கன்னு வாசல்ல எங்கம்மா கேட்டா மட்டும்... என் பேரைச் சொல்லுங்க."