தம்பிராசா பாதியில் விட்ட புத்தகம்

பூரணியின் வீட்டுக்கு நாங்கள் புத்தகம் கேட்டுப் போனது ஒரு ஞாயிறு பின்னேரம். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி அவள் இருந்தாள். ஏழு மணிக்கு ஊரடங்கு விழும். மின்சாரமும் இல்லை, றேடியோவுக்குப் பற்றரியும் இல்லை. ஊரிலே மற்றவர்கள் கடவுளைக் கும்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். என் கணவர் ஆனந்தராசா வாசித்தார்.

வாசித்தார் என்றால் மனதுக்குள் அல்ல. அரிக்கன் லாம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்து, பிரம்புக் கதிரையில் சாய்ந்து, எனக்குக் கேட்க வாய்விட்டு வாசிப்பார். துறைமுகப் பண்டகசாலையில் கிளாக்கர் வேலை. சிமெந்து மூட்டை எண்ணுகிற மனுசனுக்கு, தான்தான் திருகோணமலையின் ஒரே நல்ல வாசகன் என்ற நினைப்பு. தொடர்கதை படிக்கிறவர்களை மாடு என்பார். துப்பறியும் கதை படிக்கிறவர்களை மாட்டிலும் கேடு என்பார். நிறைகுடம் தளும்பாது என்று சொல்வார்கள். இவர் தளும்பாத நாள் இல்லை. கொழும்பிலிருந்து புத்தகம் வருவது நின்று, கையில் இருந்ததும் முடிந்தபோது, வாய்க்கு வேலையில்லாமல் என்னைத் திட்டத் தொடங்கினார். அதனால்தான் பூரணியிடம் போனோம்.

பூரணியின் கணவர் தம்பிராசா துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவர். ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாதக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. செத்தவர் என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யலாம். காணாமற்போனவருக்கு என்ன செய்வது? பூரணி ஒன்றும் செய்யவில்லை. அவர் கழற்றிப் போட்ட சாரத்தைத் தோய்க்கவில்லை. அவர் பாதியில் விட்ட புத்தகத்தை மூடவும் இல்லை. முன்னறையில், அவருடைய கதிரையில், அது விரித்தபடி கவிழ்ந்து கிடந்தது.

"அலுமாரியில எது வேணுமெண்டாலும் எடுங்கோ அண்ணை. அதை மட்டும் தொடாதேங்கோ. அவர் வந்து மிச்சத்தை வாசிக்கோணும்."

"ஓம், ஓம்" என்றார் இவர். அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். தரமாட்டேன் என்கிற புத்தகம்தான் நல்ல புத்தகம் என்பது இவருடைய பெரிய மூளையின் கண்டுபிடிப்பு. திரும்பி வரும் வழியில் பார்க்கிறேன், இவர் அணைத்துக்கொண்டு வந்த புத்தகங்களுக்கு நடுவே அதுவும் இருந்தது.

"என்னப்பா இது? அந்தப் பிள்ளை இதை நம்பியெல்லோ இருக்குது. திருப்பிக் குடுங்கோ."

"செத்தவனுக்கு என்னத்துக்குப் புத்தகம்? நாளைக்குக் குடுக்கலாம். நீர் பேசாமல் வாரும், கமலேஸ்வரி."

கப்பலில் நடந்த கொலையைத் துப்பறிகிற மூன்றாந்தரக் கதை அது. "இந்தக் குப்பையை வாசிக்க ஒரு ஆள், காவல் காக்க ஒரு ஆள்" என்று இவர் சிரித்தார். குப்பை என்றால் மூடி வைக்கலாமே? வைக்கவில்லை. முன்பாதி தெரியாமலே விளங்குகிற கதைதானே என்று சொல்லி, கவிழ்ந்து கிடந்த பக்கத்திலிருந்தே அன்றிரவு தொடங்கினார். குரலை மாற்றி மாற்றி, நக்கலடித்து வாசித்தார்.

லாம்புத் திரி தாழ்ந்தது.

டீசல் மணந்தது. எங்கள் வீட்டில் டீசல் இல்லை.

மூலையில் கிடந்த மற்றப் பிரம்புக் கதிரை மெல்ல முனகியது. வேலையால் களைத்து வந்த ஒருவர் அதில் இருப்பது போன்ற சத்தம். பூனை என்று நினைக்கப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பூனையும் இல்லை.

இவர் பக்கம் புரட்டுவதற்காக நிறுத்தினார்.

"பிறகு?"

மிகவும் தாழ்ந்த குரல். இவர் தலையைத் தூக்காமலே, "பாரும், உமக்கே ஆசை வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு வாசித்தார். கதவு பூட்டித்தான் இருந்தது. நான் அந்தக் கதிரைப் பக்கம் பார்க்கவேயில்லை.

கடைசியில் கொலைகாரனைப் பிடித்தார்கள். இவர் புத்தகத்தை மூடினார்.

"பிறகு?"

"முடிஞ்சுதப்பா. காது கேக்கேல்லையோ உமக்கு?"

"நான் வாயே திறக்கேல்லை" என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெரிய வாசகர் மூலைப் பக்கம் பார்த்தார். கதிரையில் யாரும் இல்லை.

ஆனால் பிரம்பு, ஒரு ஆளின் பாரத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

அடுத்த நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூட இவருக்குத் துணிவு வரவில்லை. என்னையும் போகவிடவில்லை. பொழுதுபட்டதும் கதிரை முனகத் தொடங்கியது. வாசித்தால் நின்றது, நிறுத்தினால் முனகியது. இவர் தன்னுடைய உயர்ந்த புத்தகம் ஒன்றை எடுத்தார். அரைப் பக்கம் போகவில்லை, கதிரை பொறுமையிழந்து கிறீச்சிட்டது. அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பூரணி வீட்டிலிருந்து வந்த இன்னொரு துப்பறியும் கதையை எடுத்த பிறகுதான் அடங்கியது. திருகோணமலையின் ஒரே நல்ல வாசகன், வியர்வை வழிய வழிய, ஒரு சொல்லும் விடாமல் அதை வாசித்துக்கொண்டிருந்தார்.

படலை திறந்தது. ஊரடங்கு விழ முன்னர் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில், பூரணி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"அண்ணை, அவரின்ர புத்தகத்தைக் காணேல்லை. மற்றதுகளோட மாறி வந்திட்டுதோ?"

களவு என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இவர் மேசையில் மூடிக் கிடந்ததை எடுத்து, அவளைப் பாராமல் நீட்டினார்.

"மூடிப்போட்டியள்" என்றாள். "எந்தப் பக்கத்தில விட்டவரெண்டு இனி அவருக்கு எப்பிடித் தெரியும்? முழுக்க வாசிச்சிட்டீங்களோ?"

இவர் கையிலிருந்த மற்றக் கதையின் பக்கத்தைப் புரட்டினார்.

"பிறகு?" என்றது மூலை.

பூரணியின் முகத்தில் முதலில் வந்தது சந்தோசம். அதை நான் கண்ணால் கண்டேன். அந்த ஒன்றுக்காகவே என் கணவரை நான் மன்னிக்கப்போவதில்லை.

"இஞ்சையே இருக்கிறீங்கள்?"

ஓடிப்போய்க் கதிரையைப் பிடித்தாள். அவள் கை வெறும் பிரம்பில் இறங்கியது. எடுத்துப் பார்த்தாள். கை ஈரமாக இருந்தது. மெல்ல மணந்து பார்த்தாள்: அவர் வேலையால் கொண்டுவரும் அதே டீசல். அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

இத்தனை மாதமும் அவள் உயிரோடு வைத்திருந்த மனுசன், எங்கள் வீட்டு மூலையில் செத்துப்போனார்.

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து நெற்றிப் பொட்டைத் துடைத்தாள். அடையாளம் போகும்வரை துடைத்தாள். பிறகு என் கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிப்பாட்டாதேங்கோ. வாசியுங்கோ."

இவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கையிலிருந்த புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது.

கதிரை முன்னுக்குச் சாய்ந்தது.

"பிறகு?"