சத்தமாகக் கேட்ட கேள்வி

ஒரு பெண்ணின் நல்ல பெயருக்கு என்ன விலை? விலையே கிடையாது என்பார்கள். ஏற்காட்டில் அன்றைக்கு அது ஒரே ஒரு கேள்விக்குக் கைமாறிப்போனது.

கேட்டவள் சசிரேகா. சேலத்துப் பெண், பயிற்சி டாக்டர். மலை ஆஸ்பத்திரிக்கு வந்த புதிது. முந்தின வாரம்தான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்... இடுப்பு எக்ஸ்ரே என்றால் கர்ப்பமா என்று கேட்காமல் எந்தப் பெண்ணுக்கும் எடுக்கக் கூடாது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கூச்சப்பட்டுக் கேட்பதேயில்லை. சசிரேகா கேட்டாள். வரிசையில் வைத்து, அத்தனை பேர் காதிலும் விழ!

"மலர், நீங்க கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?"

ஈரப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மலருக்கு முகம் செத்துப்போயிற்று. கல்யாணமாகாத பெண். பக்கத்தில் நின்ற அண்ணன் நிமிர்ந்தான்... தினேஷ், பஜாரில் மிளகுக் கடை. மழையில் நனைந்த இமைகள்... அதற்கடியில் நெருப்பு. 'என்ன கண்ணுடா சாமி!' என்று சசிரேகா நினைத்து முடிப்பதற்குள் அவன் வாயிலிருந்து சொல்லடி விழுந்தது.

"ஏனுங்க, படிச்சவங்கதானுங்களே நீங்க?"

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. முறிந்தது வேறு. மலருக்குப் பேசி வைத்திருந்த நாகலூர் மாப்பிள்ளையின் சொந்தக்காரி ஒருத்தி அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாளே சேதி வந்தது: 'நிச்சயத்த யோசிச்சுச் சொல்றோம்.'

நர்ஸ் சொல்லித்தான் சசிரேகாவுக்குத் தெரிந்தது. கேட்டது சரி... கேட்ட இடம்? விதியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்தான். மலர் எதைக் காட்டித் தப்பிப்பாள்? நேரே மிளகுக் கடையில் போய் நின்றாள்.

"மாப்பிள்ளை வீட்டுல நானே வந்து பேசறேன்."

"அங்கயும் நாலு பேருக்கு முன்னாடி எதாச்சும் கேக்கவா?"

"உங்ககிட்ட கேக்க மாட்டேன். பயப்படாதீங்க."

வந்த சிரிப்பை மூட்டைப் பக்கம் திரும்பி மறைத்துக்கொண்டு, அவன் ஜீப்பை எடுத்தான். நாகலூர் வரை மழை. அவள் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே வந்தன... அவன் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே வந்தான்.

மாப்பிள்ளையின் அம்மா தங்கம்மா உட்காரச் சொல்லவில்லை.

"வயித்துல குழந்தை இருந்தா எக்ஸ்ரே கதிர் பாதிக்கலாமுங்க," என்றாள் சசிரேகா. "முகத்தைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. அதனால எல்லார்கிட்டயும் கேக்கணும். ஆனா தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். தப்பு மலர்மேல இல்லீங்க... என்மேல."

"கேக்காம எடுத்திருந்தா என்ன கண்ணு குடிமுழுகிப் போயிருக்கும்?"

தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான்... எல்லாம் போயிற்று.

"அத்தை..." உள்ளேயிருந்து குழந்தையோடு வந்தாள் மூத்த மருமகள் அமுதா. "எனக்கு இடுப்புல எக்ஸ்ரே எடுத்தப்ப யாருமே கேக்கலீங்க. அப்ப வயித்துல இவன் இருந்தது எனக்கே தெரியாது. பொறந்து, கையி காலு எல்லாம் சரியா இருக்குதுன்னு பாக்கற வரைக்கும் நான் பட்ட பாடு... நாலு பேருக்கு முன்னாடி கேட்டிருந்தா நொம்பக் கோவிச்சிருப்பேன். ஆனா நாள் தள்ளிப்போனது ஞாபகம் வந்து படம் எடுக்காம இருந்திருப்பேன், நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

தங்கம்மா பேரனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெல்ல, "தினேசு, வெள்ளிக்கெழமையே தட்டு மாத்திக்கலாம், சாமி. டாக்டரம்மா... உக்காருங்க."

திரும்பும்போது மழை விட்டிருந்தது. பாதி வழியில், காப்பித் தோட்டத்தை ஒட்டி ஜீப் தானாக நின்றது மாதிரி நின்றது.

"டீசல் இல்லீங்களா?"

"தைரியந்தான் இல்லீங்க." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்குத் திட்டுனது என் வாயி மட்டுந்தானுங்க. மனசு அப்பவே உங்க பக்கம் வந்திருச்சு... எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க."

சசிரேகாவின் விரல்கள் துப்பட்டா நுனியை விட்டன. "...எனக்குந்தான்."

மலருக்கு அவள் செய்த தப்பு, நாகலூரில் கணக்கு நேர். அவன் திட்டிய திட்டு, இந்த ஜீப்பில் நேர். அவன் சொன்னதற்கு அவள் சொன்னதும் நேர். பாக்கி ஒன்றே ஒன்றுதான்... சேலத்தில் அப்பாவிடம் சொல்ல வேண்டியது.